உஷ்ணம் வெளியேறாத கட்டடம்

கரிசப்பாறைப் பெண்கள் இனிமேல் விஞ்ஞான முறைப்படிதான் பிள்ளை பெற வேண்டும் என்று 1961-ம் வருஷம் சர்க்கார் முடிவு செய்தது. அதுவரை அவர்கள் எந்த முறைப்படி பெற்றார்கள் என்பது பற்றிச் சர்க்காரிடம் குறிப்பு எதுவும் இல்லை. பெற்றார்கள் என்பதற்கு மட்டும், திருத்தங்கல் ரோட்டோரத்துத் தீப்பெட்டி ஆபீசுகளில் உட்கார்ந்து குச்சி அடுக்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அத்தாட்சியாக இருந்தார்கள்.

ஊரில் நர்சம்மா ஏற்கெனவே உண்டு. ஜெயசீலி என்று பெயர். சாத்தூர்ப் பக்கத்துக்காரி, தகப்பனார் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். முப்பத்தெட்டு வயசு. எட்டு வருஷமாக ஒரு வாடகை ஓட்டு வீட்டில் பிரசவம் பார்த்துவந்தாள். ஓட்டு இடுக்கு வழியாகக் காற்று வரும். மழை பெய்தால் மழையும் வரும். அந்தப் பக்கம் மழை எங்கே பெய்தது? ஆகையால் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆயா வேலுத்தாய் வாசலில் தண்ணீர் தெளித்து வைப்பாள். சித்திரையிலும் தாய்மார் ஒருவழியாக மூச்சு விட்டார்கள்.

இப்படி மூச்சு விட்டுக்கொண்டிருந்த இடத்தில்தான் ‘தாய்சேய் நல விடுதி’ என்ற ஒன்று கட்ட உத்தரவு வந்தது.

கட்டடத்துக்குப் படம் வேண்டும். இலாகாவிடம் ஒரு படம் தயாராக இருந்தது. மாதிரிப் படம் எண் ஏழு. வெளிநாடு போய்ப் பயிற்சி பெற்று வந்த நிபுணர் ஒருவர் மலைப்பிரதேசம் ஒன்றுக்காக வரைந்த படம் அது. அதைப் பார்த்த மேலதிகாரிகள் அசந்துபோய், இவ்வளவு நல்ல படத்தை மலையில் மட்டும் வைத்துக்கொண்டு சமவெளி ஜனங்களை வஞ்சிப்பது நியாயம் அல்ல என்று கருதி, ராஜ்யம் முழுக்க அதையே கட்டச் சொல்லிவிட்டார்கள். சுவர் இரண்டு செங்கல் கனம். மேலே காங்கிரீட் மட்டப்பாவு. ஜன்னல்கள் சிறியவை, குளிர்காற்று புகாதபடி கண்ணாடி வைத்துப் பூசியவை, திறக்க முடியாதவை. படத்தின் மூலையில் நிபுணர் கைப்பட எழுதியிருந்தார்: ‘இக்கட்டடம் உஷ்ண விரயத் தடுப்பு முறையில் அமைந்தது. மேற்படி கட்டடத்துக்குள் ஒருமுறை புகுந்த உஷ்ணம் லேசில் வெளியேற இயலாது.’

படத்தைக் கொண்டுவந்தவர் ஓவர்சியர் நேசகுமார். விருதுநகரிலிருந்து சைக்கிளிலேயே வருவார். நல்ல மனுஷர், பயந்த சுபாவம். யார் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார். மேலே எழுதிக் கேட்கிறேன் என்பார். படத்தை மேஜையில் விரித்து நாலு மூலைக்கும் மருந்துப் புட்டியைப் பாரம் வைத்தார். ஜெயசீலி குனிந்து பார்த்தாள்.

"சார், செவுத்துல மாடம் மாதிரி இது என்ன?"

"கணப்படுப்பு, சிஸ்டர். குளிர்காலத்துல கரி போட்டு எரிச்சா அறை கதகதன்னு இருக்கும். மேல தெரியறது அதுக்குப் புகைபோக்கி."

"நம்ம ஊருக்குக் குளிர்காலம் எப்ப சார்?"

நேசகுமார் யோசித்தார். படத்தை ஒருமுறை திருப்பிக்கூடப் பார்த்தார். "மாசம் போடலையே, சிஸ்டர்" என்றார்.

ஜெயசீலி ஒரு மனு எழுதிப்போட்டாள். இது கந்தக பூமி, வெயில் அதிகம், கர்ப்பிணிகள் தாங்க மாட்டார்கள், ஜன்னலாவது திறக்கும்படி இருக்கட்டும் என்று கெஞ்சியிருந்தாள். நாலு மாசம் கழித்து மதுரையிலிருந்து பதில் வந்தது. ‘சீதோஷ்ணம் சம்பந்தப்பட்ட ஆட்சேபணைகள் சீதோஷ்ண இலாகாவுக்கு அனுப்பப்பட வேண்டியவை. கட்டட இலாகா சீதோஷ்ணத்துக்குப் பொறுப்பு ஏற்காது.’ அதற்குள் சங்கிலிமுத்துக் கொத்தனார் சுவரை ஆள் உயரத்துக்கு எழுப்பிவிட்டார்.

ஊர்க்காரர்கள் இந்த விஷயத்தில் நர்சம்மா பக்கம் இருந்தார்களா என்றால், அதுதான் இல்லை. அவர்கள் புகைபோக்கியைப் பார்த்து மயங்கிப்போயிருந்தார்கள். அதற்கு முன்னால் ராஜபாளையம் மில்லில்தான் புகைபோக்கி பார்த்திருக்கிறார்கள். பஞ்சாயத்துத் தலைவர் நாகையா, பட்டாசு கம்பெனி முதலாளி, தன் வீட்டு மாடியிலும் ஒன்று எழுப்பிக்கொண்டார். அடியில் அடுப்பு ஏதும் இல்லை. வெறும் புகைபோக்கி. அதைப் பார்த்து இன்னும் ஏழு வீட்டில் எழும்பியது. கையில் வசதி இல்லாதவர்கள் அடி உடைந்த பானையை ஓட்டின் மேல் கவிழ்த்து வைத்துத் திருப்திப்பட்டார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளைக்கு நிலம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள்.

வெடிமருந்து இன்ஸ்பெக்டர் வழக்கமான சோதனைக்கு வந்தபோது, பட்டாசு கம்பெனி முதலாளி வீட்டு உச்சியில் புகைபோக்கியைக் கண்டு ஜீப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். இறங்கவே பயந்தார். உடனே நோட்டீஸ் வந்தது. நாகையா பதில் எழுதினார்: அது அழகுக்கு வைத்தது, அதில் புகை போகாது. அப்படியானால் அது புகைபோக்கி அல்ல என்பதைப் பொதுமக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மறு உத்தரவு வந்தது. நாகையா சிவகாசியில் தகரப் போர்டு எழுதி வாங்கி மேலே மாட்டினார். ‘இது புகைபோக்கி அல்ல.’ மறுபடி வந்த இன்ஸ்பெக்டர் திருப்தியாக ஜீப்பை விட்டு இறங்கி மோர் குடித்துவிட்டுப் போனார். மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் அதே மாதிரி போர்டு வாங்கி மாட்டினார்கள். பிற்பாடு போர்டு இல்லாத புகைபோக்கிக்கு ஊரில் மரியாதை இல்லாமல் போயிற்று.

விடுதி 1962 சித்திரையில் திறக்கப்பட்டது. மேற்படி கட்டடம் நிபுணர் எழுதியிருந்தபடியே நடந்துகொண்டது. காலையில் மட்டப்பாவு வழியாகப் புகுந்த உஷ்ணம் சாயந்தரம் வரை உள்ளேயே தங்கியது. சாயந்தரமும் அது வெளியே போகவில்லை. மறுநாள் உஷ்ணம் வந்து அதோடு சேர்ந்துகொண்டது.

முதல் பிரசவம் அய்யம்மாளுக்கு. தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டுகிற பெண், தலைப்பிள்ளை. அக்கினி நட்சத்திரத்தில் வலி கண்டது. உள்ளே கட்டிலில் படுத்த கால்மணி நேரத்தில் அவளுக்குக் கண் செருக ஆரம்பித்தது. ஜெயசீலியின் கைக்கடிகாரக் கண்ணாடிக்குள் வேர்வை இறங்கியிருந்தது. நாடி எண்ண முடியவில்லை.

"நர்சம்மா, பிள்ளை அப்புறம் பெத்துக்கிடுதேன், என்னைய வெளிய விடுங்க" என்று அய்யம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெயசீலி ஒரு நிமிஷம்தான் யோசித்தாள். கட்டிலின் ஒரு பக்கம் வேலுத்தாயும் மறு பக்கம் அவளுமாகத் தூக்கிப் பின்பக்கம் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். நாலு சேலையைச் சுற்றிக் கட்டினார்கள். நாடி திரும்பியது. மூன்று மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலமாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் ஜெயசீலி ரிஜிஸ்தரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ரிஜிஸ்தரில் ‘பிறந்த இடம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் அவள் பொய் எழுதவில்லை. ‘கட்டடத்தின் நிழலில்’ என்று எழுதினாள். கட்டடத்தின் நிழல் கட்டடத்தைச் சேர்ந்ததா, அல்லவா என்று கேட்டு ஒரு கடிதம் மதுரைக்குப் போயிற்று. அந்தக் கோடையில் பிறந்த பதினோரு பிள்ளைகளும் வேப்பமரத்தடியில்தான் பிறந்தார்கள். கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் எல்லையில் சண்டை வந்தது. சண்டை வந்ததும் நாட்டில் எதிலும் சிக்கனம் வேண்டும் என்று ஆயிற்று. எரிபொருள் சிக்கன ஸ்பெஷல் ஆபீசர் என்று ஒருவரை நியமித்தார்கள். அவர் தை மாசம் ஜீப்பில் கரிசப்பாறைக்கு வந்தார். நேசகுமார் சைக்கிளை மிதித்துக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

"போன வருஷம் கணப்படுப்பில் எவ்வளவு கரி எரித்தீர்கள்?" என்று ஆபீசர் கேட்டார்.

"ஒண்ணும் எரிக்கலை சார்" என்றாள் ஜெயசீலி.

"ஒன்றுமே எரிக்கவில்லையா? அப்படியானால் அறை சூடாகவே இல்லையா?"

"இருந்தது சார். நூத்திநாலு டிகிரி. காய்ச்சல் பார்க்கிற கண்ணாடியை வச்சுப் பார்த்தேன்."

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது. மலைப்பிரதேசத்து விடுதியில் மாசத்துக்கு அரை டன் கரி எரித்தும் எழுபது டிகிரியைத் தாண்ட முடியவில்லை என்று அவர் நேசகுமாரிடம் சொன்னார். இங்கே ஒரு துண்டுக் கரி இல்லாமல் நூற்று நாலு. இதுபோன்ற சாதனை ராஜ்யத்தில் வேறு எங்கும் இல்லை. நேசகுமாருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். நேசகுமார் எதற்கு என்று தெரியாமலே நன்றி சொன்னார்.

ஜெயசீலி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, ஊருக்குத்தான் கரண்ட் வந்துவிட்டதே, ஒரு மின்விசிறி கொடுத்தால் தாய்மாருக்கு உபகாரமாக இருக்கும் என்றாள்.

ஆபீசர் முகம் வாடியது. "இவ்வளவு சிரமப்பட்டுச் சேமித்த உஷ்ணத்தை விசிறி வைத்து விரட்டச் சொல்கிறீர்களா அம்மா?"

இருந்தாலும் அவர் சட்டம் தெரிந்தவர். அறையின் உஷ்ணம் ஒரு மாசத்துச் சராசரியாகத் தொண்ணூற்றைந்து டிகிரிக்கு மேல் இருந்தால் மின்விசிறி கொடுக்க விதி உண்டு என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் வாயால் சொல்லும் உஷ்ணம் சட்டப்படி உஷ்ணம் ஆகாது. இலாகா வெப்பமானி அனுப்பும். இலாகா படிவம் அனுப்பும். நாளுக்கு மூன்று வேளை பார்த்துப் பதிய வேண்டும். சொல்லிவிட்டு, அறைக்குள் இருக்க முடியாமல் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கட்டடத்தைப் புகழ்ந்து அறிக்கை எழுதினார்.

வெப்பமானி வந்துசேர மூன்று மாசம் ஆயிற்று. அந்த மூன்று மாசத்துக்குள் வேறொன்று நடந்துவிட்டது.

மாசி மாசம் சங்கிலிமுத்துக் கொத்தனார் மகள் பிள்ளை பெற்றிருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட வேலுத்தாய் கரண்டியில் நெருப்பு கொண்டுவந்தாள். வைக்க வேறு மேடை இல்லாததால் கணப்படுப்பு மாடத்தில் வைத்தாள். புகை குழந்தைப் பக்கம் வரவே இல்லை. யாரோ மேலே இருந்து உறிஞ்சுவதுபோல் விறுவிறு என்று புகைபோக்கிக்குள் ஏறிப் போயிற்று. பேத்தியைப் பார்க்க வந்த சங்கிலிமுத்து குழந்தையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாடத்துக்குள் தலையை விட்டு அண்ணாந்து பார்த்தார்.

"இது மேல இளுக்குது நர்சம்மா. போற காத்துக்குக் கீள இருந்து வேற காத்து வரணும்ல. அதுக்கு நாம வளி வைக்கலை. தப்பு எங்கிட்ட இருக்கு."

அடுத்த நாள் சம்மட்டியும் உளியுமாக வந்தார். வடக்குச் சுவரில், எப்போதும் நிழல் விழும் கிணற்றுப் பக்கத்தில், தரையை ஒட்டி இரண்டு ஓட்டை போட்டார். வெளிப்பக்கம் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டார்கள். உள்ளே இருந்த அனல் புகைபோக்கி வழியாக ஏறியது. அந்த இடத்துக்குக் கிணற்றடிக் காற்று ஈரத்தோடு தரையில் தவழ்ந்து வந்தது. ஜெயசீலி செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டைக்கு எதிரே நின்றாள். புடவைக் கொசுவம் லேசாக அசைந்தது. வருஷம் முழுக்க அந்த அறைக்குள் ஆண்டவரை அவள் பல தடவை கூப்பிட்டிருக்கிறாள். நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

வெப்பமானி சித்திரையில் வந்தது. மாட்டிப் பார்த்தால், வெளியே நூற்று இரண்டு; உள்ளே எண்பத்தாறு. மின்விசிறி கிடையாது என்பது உறுதியாயிற்று. அதைப் பற்றி ஜெயசீலி கவலைப்படவில்லை. பிரசவத்துக்கு நாலு ஊரிலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்கள். வலி இல்லாதவர்களும் வந்தார்கள். மத்தியானம் வந்து கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறோம் என்றார்கள். ஒரு நாள் தலைவர் நாகையாவே வயிற்று வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். இது தாய்சேய் விடுதி என்று எடுத்துச் சொல்லி வேலுத்தாய்தான் அவரை வெளியேற்றினாள்.

வருஷ மராமத்துப் பார்க்க வந்த நேசகுமார் ஓட்டைகளைக் கண்டு வெளிறிப்போனார். படத்தில் இல்லாத ஓட்டை. குனிந்து கையை வைத்துப் பார்த்தார். காற்று பட்டது. சட்டையின் மேல் பித்தான் இரண்டைக் கழற்றிவிட்டு அங்கேயே பத்து நிமிஷம் தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது. கொத்தனார் போட்ட ஓட்டைக்கு நோட்டில் கலம் இல்லை, சிஸ்டர் என்றார். ஆகவே எந்தக் கலம் இருந்ததோ அதில் எழுதினார்: ‘எலி வளை – 2. நிதி வரும்போது அடைக்கப்படும்.’ அந்த வாக்கியத்துக்கு ஆபீஸ் பாஷையில் ‘ஒருபோதும் அடைக்கப்படாது’ என்று அர்த்தம் என்பது ஜெயசீலிக்குத் தெரியும். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

இரண்டு வருஷம் நன்றாகப் போயிற்று. அய்யம்மாளுக்கு இரண்டாவது பிள்ளை அந்த அறையில்தான் பிறந்தது. பெற்ற களைப்பில் நாலு மணி நேரம் அயர்ந்து தூங்கினாள். அவள் அவ்வளவு நேரம் தூங்கியது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை என்று அவள் தாயே சொன்னாள்.

1965-ல் பக்கத்து ஊரான மேலக்குறிச்சி விடுதிக்கு மின்விசிறி வந்தது.

அங்கேயும் மாதிரிப் படம் எண் ஏழுதான். ஓட்டை போட அங்கே யாருக்கும் தோன்றவில்லை; சராசரி தொண்ணூற்றெட்டு வந்தது; மின்விசிறி வந்துவிட்டது. அங்கே நர்சாக இருந்த கனகமணி, ஜெயசீலியிடம் வேலை பழகியவள். அக்காவுக்கு அன்போடு ஒரு கார்டு எழுதினாள். ‘கர்த்தருடைய கிருபையால் எங்கள் விடுதிக்கு விசிறி வந்துவிட்டது அக்கா. ஐந்து ஸ்பீடு. உங்களுக்கு எப்போது?’ ஜெயசீலி கார்டைப் படித்துவிட்டு வேதப்புஸ்தகத்துக்குள் வைத்தாள். பிறகு அதை எடுத்து ஐந்து ஸ்பீடு என்பதை இன்னொரு தடவை படித்தாள்.

கரிசப்பாறையில் சமாசாரம் பரவியதும் ஊர் தலைகுனிந்தது. பஞ்சாயத்து கூடி, நாகையா தலைமையில் பத்துப் பேர் விடுதிக்கு வந்தார்கள். கூட அய்யம்மாளும் வந்திருந்தாள். ஜெயசீலி அவர்களை உள்ளே உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். மேலக்குறிச்சியில் விசிறி சுற்றியும் அறை கொதிக்கிறது. இங்கே விசிறி இல்லாமலே எண்பத்தாறுதான். நமக்கு எதற்கு?

"குளிர்ச்சி இருக்கு நர்சம்மா, யாரு இல்லைன்னா?" என்றார் நாகையா. "ஆனா கண்ணுக்குத் தெரியலையே. காத்தாடின்னா சுத்துறது தெரியும்."

அய்யம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எங்க வீட்டுக்காரர் தங்கச்சி அங்கன காத்தாடிக்குக் கீள பெத்தா. போற வாற எடமெல்லாம் அதையே சொல்லுதா. எனக்கு என்னன்னு சொல்லச் சொல்றீக? எலி வளைக்குப் பக்கத்துல பெத்தேன்னா?"

 நாகையா படிவத்தைக் காட்டி, எண்பத்தாறு என்பதைத் தொண்ணூற்றாறு என்று போட்டால் தீர்ந்தது என்றார். ஜெயசீலி கோபத்தோடு, தன் கை பொய் எழுதாது என்று சொல்லிவிட்டாள்.

நாகையா அதற்காக வருத்தப்படவில்லை. "பொய் எளுத வேண்டாம் நர்சம்மா. நீங்க நெசத்தையே எளுதுங்க. நாங்க நெசத்தை மாத்தித் தாறோம்."

ஒரு மாசத்துக்கு ஓட்டையை அடைப்பது, உஷ்ணத்தை ஏற்றுவது, சராசரி காட்டுவது, விசிறி வந்ததும் மறுபடி திறந்துவிடுவது. விசிறியும் இருக்கும், குளிர்ச்சியும் இருக்கும். கேட்கும்போது இதில் எந்தக் குற்றமும் தெரியவில்லை. ஜெயசீலி மறுத்திருக்கலாம். சாவி அவளிடம் இருந்தது; அவள் முடியாது என்றால் யாரும் சுவரைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வேதப்புஸ்தகத்துக்குள் அந்தக் கார்டும் இருந்தது. "ஒரு மாசம்தான்" என்றாள்.

சங்கிலிமுத்து சிமெண்டு குழைத்துக்கொண்டு வந்தார். ஓட்டைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்து, "நெசமாவா?" என்று கேட்டார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கரண்டி உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தச் சித்திரையில் நாலு பிரசவம். தாய்மாரை அவள் அறைக்குள் விடவில்லை. வேப்பமரத்தடியில் சேலை கட்டினாள். அவள் மட்டும் நாளுக்கு மூன்று தடவை உள்ளே போய், வேர்க்க வேர்க்க நின்று, வெப்பமானியைப் பார்த்து நிஜத்தை எழுதிவிட்டு வந்தாள். சராசரி தொண்ணூற்றொன்பது. கரிசப்பாறை மேலக்குறிச்சியை ஒரு டிகிரியில் ஜெயித்தது. நாகையா வெடி போட்டுக் கொண்டாடினார். சொந்தக் கம்பெனி வெடி.

ஆறு மாசத்தில் மின்விசிறி வந்தது. மாலை போட்டு ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். கூட்டத்தில் நேசகுமார் உத்தரவை வாசித்தார். முதல் மூன்று பிரிவுகள் வாழ்த்து. நாலாவது பிரிவு இப்படி இருந்தது: ‘சர்க்கார் மின்சாரத்தால் உற்பத்தி செய்யப்படும் காற்று வீணே வெளியேறாவண்ணம், மேற்படி அறையின் புகைபோக்கி உள்ளிட்ட சகல துவாரங்களும் நிரந்தரமாக அடைக்கப்பட வேண்டியது.’ சாயந்தரத்துக்குள் புகைபோக்கி உச்சியில் காங்கிரீட் பலகை போட்டுப் பூசியாயிற்று.

ஜெயசீலி நேசகுமாரைத் தனியாக அழைத்து, வடக்குச் சுவரையாவது திறந்து தரும்படி கேட்டாள். அவருக்கும் வருத்தம்தான்.

"எலி வளை அடைச்சாச்சுன்னு ரிக்கார்டுல ஏறிடுச்சு, சிஸ்டர். விசிறி இல்லாத அறைன்னா எலின்னு மறுபடி எழுதலாம். இப்ப விசிறி இருக்கிற அறை. விசிறி இருக்கிற அறையில எலி இருக்குன்னு எழுதினா, விசிறியைத் திருப்பி எடுத்துக்கிடுவாங்க."

மின்விசிறி ஐந்தாவது ஸ்பீடில் சுற்றியது. அறையிலிருந்த உஷ்ணத்தை எடுத்து, மூலையில் இருந்தவர்கள் உட்பட எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்தது. ஜனங்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வேர்த்துக்கொண்டு போனார்கள்.

மறு வருஷம் மழை அடியோடு தவறியது. அணையில் தண்ணீர் இல்லை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்வெட்டு என்று அறிவித்தார்கள். அய்யம்மாள் மூன்றாவது பிரசவத்துக்கு வந்து சேர்ந்தது காலை பதினொரு மணிக்கு. அதற்கு முந்தின மாசம்தான் மின்விசிறி உள்ள இடத்தில் மரத்தடிப் பிரசவம் கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. வேலுத்தாய் ஒரு பக்கம் முறத்தால் வீசினாள். ஜெயசீலி கைக்குக் கிடைத்ததை எடுத்து வீசினாள். அது பூர்த்தி செய்யப்படாத வெப்பப் படிவக் கட்டு. வலிக்கும் வலிக்கும் நடுவில் அய்யம்மாள் கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள்.

"சுத்தாட்டியும் பார்க்க நல்லாத்தான் இருக்கு, என்ன நர்சம்மா" என்றாள்.

பையன் பிறந்தான். நல்லபடியாகத்தான் பிறந்தான். எல்லாரும் போன பிறகு ஜெயசீலி கிணற்றடிக்குப் போய், வடக்குச் சுவரில் சிமெண்டு பூசிய இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். நிழல்பட்ட சுவர்தான், இருந்தும் சுட்டது. யாரைக் குறைசொல்லி மனு எழுதலாம் என்று யோசித்துப் பார்த்தாள். எழுதினால், குறை சொன்னவள் என்று ஒன்றும் குறைக்கு ஆளானவள் என்று ஒன்றுமாக, கீழே தன் கையெழுத்தை இரண்டு இடத்தில் போட வேண்டியிருக்கும் என்று தோன்றியது. எழுதவில்லை.

வருஷக் கணக்கு முடிந்தபோது, மின்விசிறி உள்ள விடுதிகளிலேயே மிகக் குறைந்த மின்சாரம் செலவழித்தது கரிசப்பாறைதான் என்று கண்டுபிடித்தார்கள். எல்லா ஊருக்கும் ஒரே மின்வெட்டுதான் என்றாலும், சாயந்தரம் ஐந்து மணிக்கு மேல் அந்த அறைக்குள் இருக்க யாராலும் முடியாததால் விசிறியைப் போட ஆள் இல்லை. சிறந்த சிக்கனக் கட்டடம் என்ற நற்சான்றிதழ் மதுரையிலிருந்து வந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எல்லாரையும் அறைக்குள் நிற்க வைத்துச் சிவகாசி ஸ்டூடியோக்காரர் படம் பிடித்தார்.

படத்தைச் சட்டம் போட்டு நாகையாவே கொண்டுவந்தார். ஜெயசீலி வாங்கிப் பார்த்தாள். நடுவில் அவள், பக்கத்தில் நேசகுமார், பின்னால் சங்கிலிமுத்து, பிள்ளையோடு அய்யம்மாள். எல்லாருடைய முகமும் எண்ணெய் தேய்த்ததுபோல் பளபளத்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும்தான்.

நாகையா படத்தின் மேல்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். மேலக்குறிச்சிக்காரர்களும் போட்டோ எடுத்து மாட்டியிருக்கிறார்களாம். போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம்.

"சாயந்தரம் கரண்ட் வந்ததும் ஓடவிட்டு எடுத்திருக்காக. அவுக படத்துல காத்தாடியே விளலை நர்சம்மா, வெறும் பொகை மாதிரி இருக்கு. நம்மளதைப் பாருங்க. மூணு எறக்கையையும் எண்ணலாம்."

ஜெயசீலி எண்ணிப் பார்த்தாள். மூன்றும் இருந்தன.